நாழிகை வட்டிலும் உள்ளூர்ச் சூரியனும்

(ஜொகூர் பாருவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம்)



பழங்காலத்தில் நீரைக் கொண்டு பொழுதை அளந்த முறை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கம் பிரிந்து நிற்கிறார்கள். நம் முன்னோர் நொடி பிசகாமல் காலத்தை அளந்தார்கள் என்பார் ஒரு சாரார். ஓட்டைப் பாத்திரத்தில் என்ன துல்லியம் இருந்திருக்க முடியும் என்பார் மறுசாரார். இரு சாராரும் பார்ப்பது பாத்திரத்தை மட்டும்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாழிகை வட்டில் தனியாக நின்றால் கடிகாரம் ஆகாது. வட்டில் எண்ணிக்கை தந்தது. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை அந்தந்த ஊரின் சூரிய உதயம் சொன்னது. எண்ணிக்கை தவறாதபடி ஒருவர் கண்விழித்துக் காத்தார். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பழங்காலக் கடிகாரம். உதயத்தை நாம் கணக்கிலிருந்து விட்டுவிட்டதால்தான், ஜொகூரில் குடியிருந்துகொண்டு தமிழ்நாட்டுப் பொழுதைப் பார்த்து நல்ல நேரம் குறிக்கிறோம். இதை ஐந்து பகுதிகளாக விளக்க முயல்கிறேன்.

1. அறுபதின் கணக்கு

ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. இன்றைய கணக்கில் நாழிகை என்பது 24 நிமிடம், விநாழிகை என்பது 24 நொடி. இரண்டரை நாழிகை ஒரு மணி. இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம். ஏழரை நாழிகை ஒரு சாமம். நாளுக்கு எட்டுச் சாமம்.

இந்த நாழிகையை அளக்கப் பயன்பட்டது செம்பினாலான அரைக்கோள வடிவக் கிண்ணம். அடியில் ஊசித்துளை ஒன்று இருக்கும். அகன்ற பாத்திரத்தில் தெளிந்த நீர் நிரப்பி அதில் கிண்ணத்தை மிதக்கவிடுவார்கள். துளை வழியே நீர் ஏறும். கிண்ணம் நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே எடுத்துக் கவிழ்த்து நீரை வடித்து மறுபடி மிதக்கவிட வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு 60 முறை மூழ்க வேண்டும் என்று சூரிய சித்தாந்தம் இலக்கணம் சொல்கிறது. அதே நூல், வானம் தெளிந்த பகலில் நிழலை அளக்கும் கோலே நல்ல கருவி என்றும் சொல்கிறது. ஆக, வட்டிலின் தேவை மிகுதியாக இருந்தது இரவிலும் மேகமூட்டத்திலும்தான்.

மேசை மீதுள்ள இந்த வாளியைப் பாருங்கள். செம்பு வட்டிலுக்குப் பதிலாக, நன்றாகச் சுரண்டி மெலிதாக்கிய தேங்காய்ச் சிரட்டை ஒன்றை மிதக்கவிட்டிருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும், துளையிலிருந்து நூல் போன்ற நீர் மேல்நோக்கிப் பீச்சுகிறது. நிறைய நிறையச் சிரட்டை தாழ்கிறது. விளிம்பு நீர்மட்டத்தைத் தொடும் வரை அதற்கு அவசரமே இல்லை. தொட்டதும் ஒரு விழுங்கலில் உள்ளே போய்விடும். அந்த முடிவு ஐயத்துக்கு இடமில்லாதது. கோடு பார்த்து, அரைக்கோடா முக்கால்கோடா என்று மயங்க வேண்டியதில்லை. மூழ்கிற்று அல்லது மூழ்கவில்லை, அவ்வளவுதான்.

2. ஒழுகும் நீரும் ஏறும் நீரும்

நீர்க் கடிகாரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பாத்திரத்திலிருந்து நீர் வெளியே ஒழுகுவது. மற்றது, இப்போது நாம் பார்த்த, நீர் உள்ளே ஏறுவது.

ஒழுகும் வகை மிகப் பழையது. எகிப்தில் கர்னாக் கோயிலில் 1904இல் கிடைத்த வெண்கல் பாத்திரம், மூன்றாம் அமென்ஹோதெப் மன்னன் காலத்தது. ஏறத்தாழ 3400 ஆண்டுப் பழமை. ஏதென்சு நகர நீதிமன்றங்களில் வழக்காடுவோருக்குப் பேச்சு நேரத்தை அளந்து கொடுத்ததும் ஒழுகும் பாத்திரமே. அங்கே அகழ்ந்தெடுத்த ஒன்று சுமார் ஆறே கால் லிட்டர் கொள்வது, காலியாக ஏறத்தாழ ஆறு நிமிடம் ஆகும். கௌடிலியரின் அர்த்தசாத்திரமும் நாழிகையை ஒழுகும் குடத்தைக் கொண்டே வரையறுக்கிறது.

ஒழுகும் பாத்திரத்துக்கு ஒரு தீராத தொல்லை. நிறைந்திருக்கும்போது நீர் வேகமாகப் பாயும். மட்டம் குறையக் குறைய அழுத்தமும் குறைந்து ஒழுக்கு மெலியும். முதல் கால்மணியில் இறங்கும் அளவு கடைசிக் கால்மணியில் இறங்காது. கர்னாக் பாத்திரத்தை மேலே அகன்றும் கீழே குறுகியும் செய்தது இதற்காகத்தான். மேலே நீர் வேகமாகப் போனாலும் அகலம் மிகுதியாதலால் மட்டம் மெல்ல இறங்கும். அந்தத் தொல்லை அதனால் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை.

ஏறும் வட்டிலில் இந்தச் சிக்கல் எப்படித் தீர்கிறது என்று பாருங்கள். மிதக்கும் கிண்ணத்தில் வெளி நீர்மட்டம் உயர்ந்தும் உள் நீர்மட்டம் தாழ்ந்தும் இருக்கிறது. அந்த வேறுபாடுதான் நீரை உள்ளே தள்ளுகிறது. வேறுபாட்டை நிர்ணயிப்பது கிண்ணத்தின் எடை. பக்கங்கள் செங்குத்தான பாத்திரமானால், தொடக்கம் முதல் விளிம்பு நீரைத் தொடும் வரை வேறுபாடு மாறாது, நீர் ஒரே சீராக ஏறும். அரைக்கோளக் கிண்ணத்தில் தொடக்கத்தில் சற்று வேகம், பிறகு நிதானம். அதனால் கெடுதல் இல்லை. இங்கே யாரும் இடைக்கோடு பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அதே கிண்ணம் அதே எடையோடு அதே துளையோடு காலியிலிருந்து தொடங்கி மூழ்குகிறது, ஆகவே முழு மூழ்கலுக்கு ஆகும் நேரம் ஒன்றே. இதை வடிவமைத்தவர் எவரோ, பெயர் தெரியாத அந்தக் கன்னாருக்கு நான் தலைவணங்குகிறேன்.

நீரின் வெப்பநிலையையும் சொல்ல வேண்டும். 20 பாகை வெப்பத்திலுள்ள நீரை விட 30 பாகையிலுள்ள நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இளகலாக ஓடும் தன்மையுடையது. நீண்ட மெல்லிய குழாய் வைத்த கருவிகளை இது பெரிதும் பாதிக்கும், மெல்லிய தகட்டில் இட்ட துளையை அவ்வளவு பாதிக்காது. கோடைக்கும் குளிருக்கும் பெரிய வேறுபாடு இல்லாத நம் போன்ற நாடுகளில் இத்தொல்லை இன்னும் குறைவு.

3. ஊருக்கு ஊர் வட்டில் வேறு

வட்டிலின் அளவை நூல்கள் மிக விரிவாகச் சொல்கின்றன. பத்துப் பலம் செம்பு, ஆறு அங்குல உயரம், பன்னிரண்டு அங்குல வாய், துளையிட நான்கு அங்குல நீளப் பொன் ஊசி, அந்த ஊசிக்கு எத்தனை மாசை பொன் என்பது வரை கணக்கு உண்டு. இவற்றைப் படித்துவிட்டு, இந்த அளவில் செய்தால் தானாக 24 நிமிடம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள்.

பாஸ்கராச்சாரியார் நம்பவில்லை. 1150இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியில், பத்துப் பலம் முதலான அந்த இலக்கணம் காரணமற்றது, செய்து முடிக்கவும் கடினம் என்று ஒதுக்கிவிடுகிறார். அவர் காட்டும் வழி எளிமையானது. எந்த அளவிலாவது ஒரு கிண்ணம் செய்துகொள். ஒரு பகலும் இரவும் முடிவதற்குள் அது எத்தனை முறை மூழ்குகிறது என்று எண்ணு. அந்த எண்ணால் 60ஐ வகுத்தால் உன் கிண்ணத்தின் ஒரு மூழ்கலுக்கு எத்தனை நாழிகை என்பது கிடைத்துவிடும். இந்த ஓர் இடத்தை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கிண்ணம் காலத்தைத் தீர்மானிப்பதில்லை, நாள்தான் கிண்ணத்தைத் தீர்மானிக்கிறது.

நடைமுறையும் அப்படித்தான் இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி, நம் கடல்வழியாகவே போனவர். சீனத் துறவி யிஜிங் 671இல் புறப்பட்டு, சுமத்திராவின் ஸ்ரீவிசயத்தில் தங்கி, கெடா வழியாக இந்தியா சென்று நாளந்தாவில் ஏறத்தாழ பத்தாண்டு பயின்றார். பெரிய விகாரைகளின் நீர்க் கடிகாரங்களை விரிவாக எழுதியிருக்கிறார். அரசர்கள் அவற்றைக் கொடையாக வழங்கினார்களாம், பார்த்துக்கொள்ளச் சிறுவர்களையும் சேர்த்து வழங்கினார்களாம். வட்டில் முதன்முறை மூழ்கினால் முரசு ஒன்று, இரண்டாம் முறைக்கு இரண்டு என்று அறைவார்கள், பிறகு சங்கு. நடுப்பகல் கடந்தால் துறவிகள் உண்ணக்கூடாது என்பதால் அவர்களுக்கு அது உயிரான செய்தி. மகாபோதியிலும் குசிநகரத்திலும் கணக்கு வேறு, அங்கே காலையிலிருந்து நடுப்பகலுக்குள் கிண்ணம் 16 முறை மூழ்கும் என்கிறார். வட்டில் வேறு, எண்ணிக்கை வேறு, நடுப்பகல் ஒன்று.

அவரே ஸ்ரீவிசயம் பற்றி எழுதிய இன்னொரு குறிப்பும் நமக்கு உரியது. ஆண்டில் இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், நடுப்பகலில் நிற்பவருக்கு நிழலே விழாது என்கிறார். ஜொகூரிலும் மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பரிலும் அதைக் காணலாம்.

4. காத்திருந்தவர்கள்

பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு, 103 அடி. பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். போர்ப் பாசறையில் மன்னனுக்குப் பொழுது அறிவிக்க வருகிறவர்களை அதில் அவர் காட்டுகிறார். கன்னல் என்னும் நீர் வட்டிலைக் கொண்டு அளந்து சொல்கிறார்கள். நப்பூதனார் அவர்களுக்குத் தரும் சிறப்பு, பொய்யாதவர்கள் என்பது. கணிதப் புலமையையோ கருவியின் நேர்த்தியையோ அவர் புகழவில்லை, வாய்மையைப் புகழ்கிறார். சிலப்பதிகாரத்திலும் பூம்புகாரின் பட்டினப்பாக்கத்தில் குடியிருப்போர் வரிசையில் நாழிகைக் கணக்கர் வருகிறார்கள். அது ஒரு தொழில், அந்தத் தொழிலுக்கு நகரத்தில் ஓர் இடம் இருந்தது.

வாய்மை ஏன் முதன்மை? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிண்ணத்தை எடுத்து நீரை வடித்து மறுபடி மிதக்கவிடுவதில் ஒவ்வொரு முறையும் ஒரு விநாழிகை வீணாகிறது என்று வையுங்கள். 24 நொடிதான். 60 முறைக்கு 60 விநாழிகை, அதாவது நாள் முடிவில் ஒரு நாழிகையே காணாமல் போய்விடும். காவலர் நள்ளிரவில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் கேட்கவே வேண்டாம். இந்தப் பிழையைக் கிண்ணத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மறுநாள் சூரியன் எழும்போதுதான் வெளிப்படும். அப்போது கணக்கை அழித்துவிட்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒவ்வொரு விடியலும் ஒரு திருத்தம். நேற்றைய பிழை இன்றைக்கு ஒட்டாது. பழைய முறையின் உண்மையான துல்லியம் இந்தத் திருத்தத்தில் இருந்தது என்பதே என் துணிபு.

லீலாவதியின் கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். பாஸ்கரர் மகளின் திருமண முகூர்த்தத்துக்கு வட்டிலை மிதக்கவிட்டார், குனிந்து பார்த்த மகளின் அணியிலிருந்து ஒரு முத்து உதிர்ந்து துளையை அடைத்தது, முகூர்த்தம் கடந்ததை யாரும் அறியவில்லை என்பது கதை. 1587இல் பாஸ்கரரின் லீலாவதி என்னும் நூலைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்த ஃபைசியின் முன்னுரையில் வருவது, வரலாறாக எடுத்துக்கொள்ளத் தக்கதல்ல. ஆனாலும் நீர்க் கடிகாரத்தோடு பழகியவர்கள் சொன்ன கதை இது என்பதில் எனக்கு ஐயமில்லை. நின்றுபோன வட்டில், தான் நின்றதைச் சொல்லாது.

அளந்தால் போதாது, ஊருக்கு அறிவிக்கவும் வேண்டும். 1526இல் இந்தியாவுக்குள் வெற்றியோடு நுழைந்த பாபர், இங்குள்ள நகரங்களில் இதற்கென்றே ஆட்கள் இருப்பதைக் கண்டு தம் நினைவுநூலில் வியந்து எழுதினார். இரண்டு விரல் கனமுள்ள பெரிய வெண்கலத் தட்டை உயரத்தில் தொங்கவிட்டு, வட்டில் மூழ்குந்தோறும் கொட்டாப்புளியால் அடிப்பார்கள். அவர் ஒரு குறை கண்டார். இரவில் விழித்துக்கொண்டவருக்கு மூன்று அடி கேட்டால், அது எந்தச் சாமத்தின் மூன்றாம் நாழிகை என்று தெரியவில்லை. நாழிகை அடித்துச் சற்று நிறுத்திச் சாமத்தின் எண்ணையும் அடிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். முதற்சாமத்தின் மூன்றாம் நாழிகையானால் மூன்று அடி, இடைவெளி, பிறகு ஓர் அடி. இரவுக்கும் மேகமூட்டமான நாளுக்கும் இது பெரிதும் உதவிற்று.

தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பெரட்டுக்கு அழைத்த மணியோசை உங்கள் காதில் இன்னும் இருக்கும். விடியுமுன் பால் வெட்டத் தொடங்க வேண்டும் என்பதற்காக யாரோ ஒருவர் உங்களுக்கும் முன்னால் எழுந்து அதை அடித்தார். அவரும் இந்த வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர்.

5. ஜொகூரின் பொழுது

வேதாங்க சோதிடம் மிக நீண்ட பகலுக்கு 18 முகூர்த்தம், மிகக் குறுகிய பகலுக்கு 12 முகூர்த்தம் என்கிறது. ஏறத்தாழ பதினாலரை மணியும் ஒன்பதரை மணியும். இது 35 பாகை வட அகலாங்கை ஒட்டிய நிலத்துக்குப் பொருந்தும். தஞ்சாவூருக்குப் பொருந்தாது. அங்கே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றேகால் மணிதான், மூன்று நாழிகைக்குச் சற்று மேல். ஜொகூர் பாருவில், நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகையில், வேறுபாடு வெறும் பத்து நிமிடம். அரை நாழிகை கூட இல்லை.

இதன் பொருளைக் கவனியுங்கள். பகலைப் பன்னிரண்டாகப் பிரித்த எகிப்தியருக்கும் ரோமருக்கும் கோடைக்கால மணி நீண்டும் குளிர்கால மணி குறுகியும் இருந்தது. கர்னாக் பாத்திரத்தில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அளவுக்கோட்டு வரிசைகள் பொறிக்க வேண்டி வந்தது அதனால்தான். நாழிகையோ ஆண்டு முழுதும் ஒரே அளவு. பகல் நீண்டால் நாழிகை நீளாது, பகலில் விழும் நாழிகைகளின் எண்ணிக்கைதான் கூடும். ஜொகூரில் அந்த எண்ணிக்கையும் மாறாது. பகல் 30, இரவு 30 என்ற கணக்கு ஆண்டின் எல்லா நாளுக்கும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் ஊரில் நாம் வாழ்கிறோம்.

இந்தக் கடல்களில் உதயத்திலிருந்து எண்ணும் வழக்கம் இருந்தது என்பதற்கு ஆல்பிரட் ரசல் வாலஸ் நல்ல சான்று. 1856 டிசம்பரில் மக்காசாரிலிருந்து அரு தீவுகளுக்கு உள்ளூர்ப் பாய்மரக் கப்பலில் சென்றார். அதிலிருந்த கடிகாரம், இந்த மேசையில் நீங்கள் காண்பது போலவே, பாதி நீர் நிரப்பிய வாளியும் துளையிட்ட சிரட்டையும். ஒரு மணிக்கு ஒருமுறை மூழ்கும். காவலிருப்பவர் உதயத்திலிருந்து எத்தனையாவது மணி என்று கூவிவிட்டு மறுபடி மிதக்கவிடுவார். வாலஸ் தம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டார். மணிக்கு ஒரு நிமிடம் கூடப் பிசகவில்லை என்கிறார். கப்பல் ஆடினாலும் வாளியில் நீர் மட்டமாகவே நின்றதால் பாதிப்பில்லை.

நான் அதில் சேர்க்க விரும்புவது ஒன்று. மக்காசாரிலிருந்து அரு ஏறத்தாழ 15 பாகை கிழக்கே இருக்கிறது. அந்தப் பயணத்தின் முடிவில் சூரியன் ஏறத்தாழ ஒரு மணி முன்னதாக எழும். மக்காசார் நேரத்துக்கு வைத்த உலோகக் கடிகாரத்தைத் திருப்பி வைக்காவிட்டால், அருவில் அது ஒரு மணி பிந்திக் காட்டும். சிரட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. அன்றன்றைய உதயத்தில் புதிதாகத் தொடங்கியதால், கப்பல் எங்கே நின்றதோ அந்த இடத்தின் பொழுதையே அது சொன்னது.

தமிழர் கடல் கடந்தபோது வட்டில் வரவில்லை, பஞ்சாங்கம் வந்தது. பஞ்சாங்கத்தின் உயிரும் உதயம்தான். திதி இத்தனை நாழிகை, நட்சத்திரம் இத்தனை நாழிகை என்றால் உதயத்திலிருந்து எண்ணியது. சாதகம் கணிப்பவர் முதலில் கேட்பதே உதயாதி நாழிகையை. அப்படியிருக்க, திங்கட்கிழமை இராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று நாம் மனப்பாடமாகச் சொல்வது எந்த ஊர்க் கணக்கு? காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு மறைவு என்று வைத்துக்கொண்ட கணக்கு. பகலை எட்டாகப் பிரித்தால் இரண்டாம் பங்கு அது.

ஜொகூர் பாருவில் சூரியன் 6 மணிக்கு எழுவதில்லை. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 6.45க்கும் 7.20க்கும் இடையில் எழுகிறது. நம் கடிகாரம் 120ஆம் பாகை நெட்டாங்கின் நேரத்தைக் காட்டுகிறது, நாம் இருப்பதோ 104ஆம் பாகையை ஒட்டி. ஆகவே சராசரி நடுப்பகல் இங்கே ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு வருகிறது. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரைமணி முன்னே தள்ளினார்கள், மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அன்று கோயில் மணியையும் பள்ளி மணியையும் மாற்றினோம். சூரியன் மாறவில்லை, மனப்பாடமும் மாறவில்லை.

உதயம் 7 மணி என்று வைத்தால் திங்களன்று இராகு காலம் எட்டரை முதல் பத்து வரை. ஒன்பது மணிக்கு இராகு காலம் கழிந்துவிட்டது என்று வீட்டை விட்டுக் கிளம்புகிறவர், கணக்குப்படி இராகு காலத்துக்குள்ளேயே கிளம்புகிறார். இராகு காலத்தை நம்புவதா வேண்டாமா என்று நான் இங்கே வழக்காட வரவில்லை, அது அவரவர் உரிமை. நம்புகிறவர்கள் தங்கள் நூல் சொல்லும் கணக்கையாவது சரியாகப் பின்பற்ற வேண்டும் என்பதே என் வழக்கு.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். நாட்காட்டியும் பஞ்சாங்கமும் அச்சிடுவோரும் கோயில் நிருவாகத்தினரும், ஒவ்வொரு நாளுக்கும் உங்கள் ஊரின் உதய நேரத்தைப் போடுங்கள், மற்ற நேரங்களை அதிலிருந்து கணக்கிட்டுக் கொடுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, ஒரு வாளி, ஒரு சிரட்டை, ஒரு நேரான குச்சி, இவ்வளவுதான் செலவு. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள், பகல் ஒரு மணியை ஒட்டி, பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் சென்று குச்சியின் நிழல் மறைவதைக் காட்டுங்கள். மறுநாள் உதயம் முதல் நடுப்பகல் வரை சிரட்டை எத்தனை முறை மூழ்குகிறது என்று எண்ணச் சொல்லி, அவரவர் சிரட்டைக்கு எத்தனை நாழிகை என்று அவர்களையே வகுத்துப் பார்க்க விடுங்கள்.